சதுரப் பொத்தான்

"மூணு பெட்டி இருக்கு. இதுல எது பொய் சொல்லுது, சொல்லு பாப்போம்" என்றார் அமானோ மேடம்.

"மூணுமே வாயைத் திறக்க மாட்டேங்குது மேடம். ரெண்டு தட்டு தட்டிப் பாக்கட்டுமா?"

அவர் சிரிக்கவில்லை. காப்பீட்டுக் கம்பெனியில் பொய் மனுக்களைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். என் நகைச்சுவைக்குச் சிரிப்பதில்லை என்பதை ஒரு விரதமாகவே அனுஷ்டித்து வருகிறார். அவருடைய உதவியாளன், கார் ஓட்டி, கோபம் வந்தால் திட்டுவதற்கான ஆள் எல்லாம் நான்தான். பெயர் குரோகி.

ஒசாகாவில், நிப்போன்பாஷித் தெருவில், குசாகாபே நடத்தும் பழைய வீடியோ கேம் கடையின் மாடியில் நின்றுகொண்டிருந்தோம். மழைக்காலம் முடியாத ஜூலைப் புழுக்கம். குளிர்சாதனம் பெட்டிகளுக்காக ஓடியது, மனிதர்களுக்காக அல்ல. மேசைமேல் ஃபேமிகாம் என்ற பழைய ஆட்டப்பெட்டிகள் மூன்றை வரிசையாக வைத்திருந்தார் குசாகாபே. தொப்பையும் துண்டுமாக இருக்கும் அந்த மனிதர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

"இதோ பாருங்க, இதுதான் முதல்ல வந்த மாடல். கன்ட்ரோலர்ல பட்டன் சதுரம், மெத்துனு ரப்பர். நடுவுல இருக்கறது அடுத்து வந்தது. பட்டன் வட்டம், கெட்டிப் பிளாஸ்டிக். இந்த ரெண்டுலயும் கன்ட்ரோலரோட வயர் நேரா பெட்டிக்குள்ள போயிடும், வெளியில இருந்து பிடுங்க முடியாது. மூணாவது ரொம்ப வருஷம் கழிச்சு வந்தது. அதுல கன்ட்ரோலரைக் கழட்டி வேற எதை வேணும்னாலும் சொருகலாம்."

"முதல் ரெண்டும் கல்யாணம் ஆனதுங்க. மூணாவது பிரம்மச்சாரி" என்றேன்.

குசாகாபே வாய்விட்டுச் சிரித்தார். மேடத்திடம் கிடைக்காதது எனக்கு வெளியாட்களிடம் கிடைக்கும்.

"அதனாலதான் தம்பி, எங்க ஆட்டக்காரர் சங்கத்துல பிரம்மச்சாரிக்கு இடம் கிடையாது. சாதனைப் பலகையில பேரு ஏறணும்னா பழைய மாடல்லதான் ஆடணும். முன்பக்கம் வேற கருவி மாட்ட ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அது காலியா இருக்கறது வீடியோவுல தெரியணும். ஒரு அழுத்து, ஒரு குண்டு. அதான் எங்க சட்டம். தானா சடசடனு சுடற கருவியை வெச்சு ஆடறவன் ஆட்டக்காரனே இல்லை."

சுவரில் அந்தப் பலகை இருந்தது. ஒரு பழைய விண்கல ஆட்டம். இரண்டே நிமிடத்தில் எத்தனை எதிரிகளைச் சுட்டு வீழ்த்த முடியும் என்பதுதான் போட்டி. உச்சியில் ஒரு பெயர்: மினோபே ஷிகெரு. எங்கள் கட்சிக்காரர்.

மினோபே முப்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர். தெருவிலேயே வேகமான கட்டைவிரல் அவருடையது என்பார்கள். இப்போது அந்த விரல் அசையாது. தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். வலது கையில் தொடங்கி, இடது கைக்கு வந்து, கால்களை முடித்துவிட்டு, இப்போது தொண்டையின் வாசலில் நிற்கிறது. போன வாரம் கோபேயிலிருந்து வந்த ஓர் ஆட்டக்காரன் அவருடைய சாதனை வீடியோவைப் போட்டுக் காட்டி, "முதல் நொடியில எப்படிச் சுடுதோ கடைசி நொடியிலயும் அப்படியே சுடுது. மனுஷ விரல்னா களைக்க வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறான். இன்று மாலை சங்கம் முடிவெடுக்கப்போகிறது. பெயரை அழித்தால் பக்கத்திலேயே 'ஏமாற்று' என்று எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். பேர் சொன்னால் தானே அழைக்கும் போனில் மினோபே எங்களைக் கூப்பிட்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னது இதுதான்: "எனக்குப் பேச்சு இருக்கறப்பவே இதை முடிச்சுக் குடுங்க. ஏமாத்துக்காரன்ங்கிற பேரோட என்னால போக முடியாது."

"வீடியோவைப் பாத்தேன்" என்றார் மேடம். "முன்பக்க ஓட்டை காலி. ரெண்டாவது கன்ட்ரோலர்ல மைக் இருக்கு. புது மாடல்ல மைக் கிடையாது. பட்டனும் சதுரம். ஆக, ஆடினது சதுர பட்டன் வெச்ச பழைய பெட்டிதான். இதே பெட்டிதானா?"

"இதேதான். சாதனை பண்ணின அன்னைக்கு ராத்திரியே கண்ணாடிப் பேழைக்குள்ள வெச்சுட்டோம். புகார் வந்ததும் வெளியில எடுத்து நானும் இன்னும் ரெண்டு பேரும் ஆடிப் பாத்தோம். ஒரு குறையும் இல்லை. நாங்க மூணு பேரும் சின்ன வயசுலேருந்து இதுலயே கிடக்கறவங்க."

"உள்ள திறந்து பாத்தீங்களா?"

குசாகாபேயின் முகம் மாறிவிட்டது. கோயிலுக்குள் செருப்போடு வரலாமா என்று கேட்டதுபோல் பார்த்தார். பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். ஒரு திருகாணியின் தலையை மூடி, சின்னதாய்ச் சிவப்பு வாத்து அச்சிட்ட காகித முத்திரை.

"இது சயோக்காவோட சீல். மினோபே அண்ணனோட வீட்டுக்காரம்மா. இந்தத் தெருவுல பழைய பெட்டி ரிப்பேர்னா அவங்கதான். வாத்து ஒட்டியிருந்தா உள்ள எல்லாம் அசல்னு அர்த்தம். அதை வெச்சுத்தான் நாங்க வாங்கறோம், விக்கறோம். அவங்களைக் கேக்காம வாத்தைக் கிழிச்சா, அப்புறம் இந்தத் தெருவுல நான் தலைகாட்ட முடியாது."

கீழே ஏதோ வெளிநாட்டுச் சுற்றுலாக் கூட்டம் கூச்சலிட்டது. "ஒரு நிமிஷம்" என்று குசாகாபே இறங்கிப் போனார்.

மேடம் டிவியைப் போட்டார். "குரோகி, உட்காரு. ஆடு."

"நானா? மேடம், எனக்கு லிஃப்ட் பட்டனைக்கூட ரெண்டு தடவை அழுத்தினாத்தான் வேலை செய்யும்."

"அதனாலதான் உன்னை உட்காரச் சொல்றேன்."

உட்கார்ந்தேன். முதல் விண்கலம் பிறந்த வேகத்தில் இறந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பதற்றத்தில், முங்கப்போகிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல், சதுரப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். விடவே இல்லை.

திரை முழுக்கக் குண்டு மழை.

நான் விரலை எடுத்தேன். நின்றது. மறுபடி அழுத்திப் பிடித்தேன். சடசடவென்று பொழிந்தது. ஒரு அழுத்து, ஒரு குண்டு என்பதெல்லாம் பலகையோடு சரி.

மேடம் சட்டென்று டிவியை அணைத்தார். படிக்கட்டுப் பக்கம் ஒரு பார்வை. பிறகு என்னை முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

"ஆனா அவங்க மூணு பேரும் ஆடிப் பாத்தாங்களே?" என்றேன் தாழ்ந்த குரலில்.

"அவங்க யாரும் அழுத்திப் பிடிக்க மாட்டாங்க குரோகி. சின்ன வயசுலேருந்து தட்டித் தட்டிப் பழகின விரல். அந்த வேகத்துல தட்டறவங்களுக்கு இந்தப் பெட்டி கூடுதலா குடுக்க ஒண்ணுமில்லை. வித்தியாசமே தெரியாது. ஆடத் தெரியாத ஒருத்தன் கிட்டதான் இது மாட்டிக்கும்."

"என் திறமையை இப்பவாவது புரிஞ்சுக்கிட்டீங்களே."

அவர் கன்ட்ரோலர்களைத் திருப்பினார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வாத்து. பெட்டியின் அடியிலிருந்த வாத்தும் இரண்டாவது கன்ட்ரோலரின் வாத்தும் பழுப்பேறி, ஓரம் சுருண்டு கிடந்தன. முதல் கன்ட்ரோலரில் இருந்த வாத்து மட்டும் இன்னும் வெள்ளைத்தாளில் நீந்திக்கொண்டிருந்தது.

"வீட்டுக்காரம்மா" என்றேன். சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

குசாகாபே மேலே வந்தபோது மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் வரைக்கும் எதுவும் செய்யாதீங்க. நான் வந்து சொல்றேன்" என்றார். குசாகாபே குனிந்து வணங்கினார். அந்த வணக்கத்தை நம்பி நாங்கள் கிளம்பினோம்.

சயோவின் கடை நாலு சந்து தள்ளி. கீழே கடை, மாடியில் வீடு. இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்டிப் போக முடியாத அகலம். சுவர் நெடுகப் பெட்டிகள், ஈயம் உருகிய வாசனை. சயோ மெலிந்த பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டியபடியே நிமிர்ந்ததால், அவருடைய ஒரு கண் மட்டும் பெரிதாக எங்களைப் பார்த்தது.

"அவரைப் பாக்க வந்தீங்களா? மேல முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. போங்க."

"உங்களைத்தான் பாக்க வந்தோம்" என்றார் மேடம். "முதல் கன்ட்ரோலர்ல இருக்கற வாத்து புதுசு."

சயோ கண்ணாடியைக் கழற்றினார். மறுக்கவில்லை. பொய் சொல்லத் தயாராக இருந்தவர்கள் மறுக்கும் விதம் எனக்குத் தெரியும். இவர் யாராவது வந்து கேட்பதற்காகவே காத்திருந்தவர்போல் நாற்காலியில் சரிந்தார். மாடியைக் கையால் காட்டி, உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா பேசுங்க. காது மட்டும் அவருக்கு இன்னும் நல்லா கேக்குது."

அதன்பிறகு நாங்கள் பேசியதெல்லாம் கிசுகிசுப்புதான்.

"போன வருஷம் வசந்த காலம். வலது கட்டைவிரல் போக ஆரம்பிச்சுது. சோப்பு நழுவும், சாப்பாட்டுக் குச்சி நழுவும், அதெல்லாம் சிரிச்சுக்கிட்டே எடுத்துப்பாரு. ஆனா தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டி முன்னாடி உட்காருவாரு. ஸ்கோர் நேத்தைவிடக் கம்மியா வரும். அதுக்கு முந்தின நாளைவிட அது கம்மி. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பெட்டியை அணைச்சுட்டு ரொம்ப நேரம் இருட்டு டிவியைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. டாக்டர் சொன்னதுக்குக்கூட அவரு அப்படி உட்கார்ந்ததில்லை."

"அதனால கன்ட்ரோலருக்குள்ள தானா சுடற சிப் வெச்சீங்க."

"ஒரே ஒரு சாயங்காலத்துக்கு மேடம். சத்தியமா. ஒரு நாள் சந்தோஷமா இருக்கட்டும், மறுநாளே எடுத்துடலாம்னு. அவரு அழுத்திப் பிடிக்கற ஆளில்லை, தட்டுவாரு. வலுவில்லாம மெதுவாத் தட்டினாலும், ஒவ்வொரு தட்டுக்கும் நாலு குண்டு போகும். அன்னைக்கு ஆடி முடிச்சுட்டு மாடியிலேருந்து கத்தினாரு பாருங்க, 'சயோ, கை திரும்பி வந்துடுச்சு!'னு. ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாரு. நான் பாத்திரம் தேச்சுக்கிட்டே அழுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நான் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள குசாகாபேக்குப் போன் போட்டு வரவழைச்சுட்டாரு. கேமராவோட வந்துட்டாங்க. நான் என்னன்னு தடுக்கறது? சாதனை ஆச்சு. எல்லாரும் கட்டிப் பிடிச்சாங்க. 'இதோட நிறுத்திக்கறேன், உச்சியில நின்னுட்டு இறங்கறேன்'னு சொல்லி அந்தப் பெட்டியையே அவங்க கையில குடுத்து அனுப்பிட்டாரு. நேரா கண்ணாடிக்குள்ள போயிடுச்சு. எடுத்து மாத்த எனக்கு ஒரு வழியும் கிடைக்கலை."

எனக்குச் சட்டென்று ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும். அதுதான் என் குணம். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

மேடம் கையைப் பிசைந்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். மினோபே ஏமாற்றவில்லை, ஆனால் சாதனை பொய். அவர் ஏமாற்றவில்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால், அவருடைய விரல் அப்போதே செத்துவிட்டது என்று அவரிடமே சொல்லியாக வேண்டும். சயோவின் பெயரும் தெருவில் விழும். வாத்து ஒட்டிய ஒவ்வொரு பெட்டியையும் ஊரே பிரித்துப் பார்க்கும். கடை போனால் மேலே படுத்திருப்பவருக்கு மருந்து எங்கிருந்து வரும்?

"நீங்கதான் அவர்கிட்ட சொல்லணும்" என்றார் மேடம் கடைசியில். "நான் சொன்னா அது ஒரு துப்பு. நீங்க சொன்னா அதுல வேற ஒண்ணு இருக்கு. அவரு புரிஞ்சுப்பாரு."

சயோ படிக்கட்டைப் பார்த்தார். பிறகு எழுந்தார். மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். முதல் படியில் கால் வைத்தபோது கடைக் கதவின் மணி அடித்தது.

குசாகாபே. பின்னால் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர். அவர் கையில், துணியில் பொதிந்த பெட்டி.

"மன்னிக்கணும் சயோக்கா, மன்னிக்கணும்! நாங்களா வரலை. அண்ணன்தான் இப்ப போன் பண்ணி வரச்சொன்னாரு. 'என் கண் முன்னாடியே திறந்து பாருங்க, என் பெண்டாட்டியே திறப்பா'னு ஒரே பிடிவாதம்." மேடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "நல்லவேளை, நீங்களும் இருக்கீங்க. சாட்சிக்கு ஆச்சு."

மேலேயிருந்து ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்ல வந்தது. "சயோ... வந்துட்டாங்களா? ஏறி வரச் சொல்லு."

ஏறினோம். வேறென்ன செய்வது?

மினோபே தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தார். காலையில் சயோ தலை வாரி, சட்டை மாற்றிவிட்டிருக்க வேண்டும்; விருந்தாளிகளுக்காகத் தயாராக இருந்தார். இரண்டு கைகளும் போர்வையின்மேல் வைத்தது வைத்தபடி கிடந்தன. கண்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. தப்பு செய்யாதவனின் கண்கள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

"அமானோ மேடம்... உங்களுக்கு வேலை மிச்சம்" என்றார் மூச்சு வாங்கி. "நானே முடிச்சுடறேன். சயோ, திற."

கட்டிலோரம் குட்டை மேசையைப் போட்டு, துணியைப் பிரித்து, பெட்டியை வைத்தார்கள். சயோ திருப்புளியை எடுத்தார். அது வாத்தின்மேல் நிற்காமல் வழுக்கியது. குசாகாபே அதை அவமானத்தால் வந்த கோபமென்று எடுத்துக்கொண்டு மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்டார். கேட்கக் கேட்கத் திருப்புளி இன்னும் வழுக்கியது.

முதலில் பெட்டி. வாத்து கிழிந்தது, மூடி வந்தது. உள்ளே எல்லாம் அசல். சங்கத்து ஆட்கள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அடுத்து இரண்டாவது கன்ட்ரோலர். அதுவும் அசல்.

குசாகாபே துண்டால் கழுத்தைத் துடைத்தார். "போதும் அக்கா. இதுக்கு மேல பாத்தா எங்களுக்குத்தான் அசிங்கம். அண்ணே, போதும்ணே. பேரு அப்படியே இருக்கும்."

சயோ திருப்புளியைக் கீழே வைத்தார். என் உயிர் திரும்பி வந்தது.

"போதும்னு அவங்களே சொல்றாங்க மினோபே சார்" என்றார் மேடம். அவர் குரலில் அத்தனை அவசரத்தை நான் கேட்டதே இல்லை.

"மழை வேற வர்ற மாதிரி இருக்கு. பெட்டி நனைஞ்சுடும்" என்றேன் நான், என் பங்குக்கு.

மினோபே மெல்லச் சிரித்தார். "பாதி பாத்துட்டுப் போனா... பாதி சந்தேகம் இருக்கும். நாளைக்கு அந்தக் கோபேக்காரன் கேப்பான். இல்லை. அதையும் திற சயோ. அதுலதானே நான் ஆடினேன்."

சயோ அவரைப் பார்த்தார். அவர் சயோவைப் பார்த்துத் தலையசைத்தார். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்பதுபோல.

வெள்ளை வாத்து கிழிந்தது. திருகாணிகள் வந்தன. கன்ட்ரோலரின் முதுகு கழன்றது.

உள்ளே நகத்தளவு பச்சைச் சில்லு ஒன்று. அதிலிருந்து மயிரிழை போல இரண்டு கம்பிகள். ஈயப்புள்ளிகள் கடுகு கடுகாக, சுத்தமாக, அழகாக இருந்தன.

மினோபே அந்த ஈயப்புள்ளிகளைப் பார்த்தார். மனைவியின் கையெழுத்தைப் புருஷனுக்குத் தெரியாதா? பிறகு போர்வைமேல் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். 'கை திரும்பி வந்துடுச்சு' என்று கத்திய அந்த ஒரு மாலை அவர் முகத்தைவிட்டு மெல்ல இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். கடைசியாகச் சயோவைப் பார்த்தார். சயோ வாயைத் திறந்தார்.

"நான்தான் வெச்சேன்" என்றார் மினோபே.

"அண்ணே..." என்றார் குசாகாபே.

"முப்பது வருஷம் லிஃப்ட் சர்க்யூட்டோட... குடும்பம் நடத்தினவன். இது எனக்கு ஒரு வேலையா? இவ தூங்கறப்ப... இவ மேசையிலேருந்து சீலை எடுத்து ஒட்டினேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்படின்னா எதுக்கு இப்ப நீங்களே திறக்கச் சொன்னீங்க?" என்று சங்கத்து ஆட்களில் ஒருவர் கேட்டார்.

ஒரு கணம் திணறினார். நோயாளியின் திணறல் அவருக்குக் கைகொடுத்தது. அதை மூச்சு வாங்கலென்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"வாயால சொல்ல வெக்கமா இருந்தது. நீங்களே பாத்துக்கோங்கன்னுதான்."

"பொய்! அவரு சொல்றது பொ..." என்று சயோ எழுந்தார்.

"சயோ!"

உடம்பில் மிச்சமிருந்த குரல் முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே செலவழித்துவிட்டார். சயோ அப்படியே நின்றார்.

குசாகாபே மேடத்தின் பக்கம் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன. "மேடம், நீங்க விசாரிச்சீங்களே. நீங்க சொல்லுங்க. என்ன கண்டுபிடிச்சீங்க?"

மினோபே எங்களை எதற்கு அமர்த்தினார்? அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று நிரூபிக்க. அந்த நிரூபணம் மேடத்தின் நாக்கு நுனியில் இருந்தது. ஒரே வாக்கியம் போதும். கட்டிலிலிருந்து இரண்டு கண்கள் அந்த வாக்கியம் வேண்டாம் என்று கெஞ்சின.

"என் கட்சிக்காரர் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை கிடையாது" என்றார் மேடம்.

குசாகாபே எழுந்தார். கட்டிலுக்கு வணக்கம் வைக்கவில்லை. கோபத்தில் அல்ல, எப்படி வைப்பதென்று தெரியாமல். சயோவுக்கு மட்டும் இடுப்பு மடிய வணங்கினார். "உங்க சீல் மேல எங்களுக்குச் சந்தேகமே வராது அக்கா. இனிமேலாவது அதை மேசையில பூட்டி வைங்க." அவர்கள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கீழே கதவு மணி அடித்து ஓய்ந்தது.

சயோ கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தேற்றக் கையை நீட்டவும் மினோபேயால் முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்களும் பார்த்துக்கொண்டே நின்றோம். துப்பறியத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

கொஞ்ச நேரம் கழித்து, காற்றோடு காற்றாக அவர் கேட்டார்.

"மேடம்... அன்னைக்கு ஆடினதுல, என் கை கொஞ்சமாவது இருந்ததா?"

மேடம் பொய் சொல்கிறவர் அல்ல. கட்டிலருகே குனிந்தார்.

"சுட்டது சிப். ஆனா கப்பலை ஓட்டினது இடது கை. அந்தப் பக்கம் யாரும் ஒண்ணும் வெக்கலை. ரெண்டு நிமிஷமும் ஒரு குண்டுகூட மேல படாம ஓட்டியிருக்கீங்க. வீடியோவுல பாத்தேன். அது உங்க விரல்தான்."

மினோபே தன் இடது கையைப் பார்த்தார். அதுவும் இப்போது அசையாது.

"அதுக்குப் பலகை கிடையாதே" என்றார்.

"கிடையாது" என்றார் மேடம்.